எதில் நூற்றுக்கு?

சில ஆண்டுகளுக்கு முன் நம் கடையில் நாம் செய்த பிழையொன்றைச் சொல்லிப் பாடத்தைத் தொடங்குவோம். ஒன்று 16 வெள்ளி வீதம் 40 கைலிகள் கொள்முதல் செய்தோம். நூற்றுக்கு 25 ஏற்றி, 20 வெள்ளி என்று விலைச்சீட்டு ஒட்டினோம். பெருநாள் கழிந்தும் சரக்கு அசையவில்லை. "ஏற்றியதை இறக்கிவிட்டால் போட்ட முதலாவது திரும்பும்" என்றெண்ணி, நூற்றுக்கு 25 தள்ளுபடி என எழுதி வைத்தோம். அத்தனையும் விற்றன. கணக்குப் பார்த்தால் முதலில் 40 வெள்ளி குறைந்திருந்தது!

ஏற்றிய 25, கொள்முதல் விலையாகிய 16இன் மேல்; அது 4 வெள்ளி. இறக்கிய 25, விற்பனை விலையாகிய 20இன் மேல். அது 5 வெள்ளி. எண் ஒன்றுதான், அடித்தொகை வேறு.

இப்பழைய கதை இப்போது எதற்கு? சென்ற வாரம் ஆறாம் வகுப்பில் படிக்கும் நம் தங்கை மகன் பயிற்சித் தாளோடு கடைக்கு வந்தான். "நூற்றுக்கு 20 தள்ளுபடி போக ஒரு சட்டை 48 வெள்ளி. அசல் விலை என்ன?" என்பது வினா. அவன் 48இல் நூற்றுக்கு 20 கண்டு, 9 வெள்ளி 60 காசைக் கூட்டி, 57 வெள்ளி 60 காசு என்று எழுதியிருந்தான். "கால்குலேட்டரில்தானே போட்டேன் மாமா, எப்படித் தப்பாகும்?" என்று கண் கலங்கினான். மாமன் செய்த அதே பிழை!

சிங்கப்பூரில் 1960 முதல் நடைபெறும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வைக் கொண்டே பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியில் இடம் அமைகிறது. 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை நிலையளித்து, நான்கு பாடங்களையும் கூட்டுகிறார்கள். 4 மிகச் சிறந்தது, 32 கடைசி. 85 மதிப்பெண்ணுக்கு இரண்டாம் நிலை. 84க்கு மூன்றாம் நிலை. ஆகவே ஒரு மதிப்பெண்ணும் அற்பமன்று. கணிதத்தின் இரண்டாம் தாளில் கால்குலேட்டர் உண்டு. ஆனால் எதில் நூற்றுக்கு என்பதை அது சொல்லாது. பிள்ளைதான் கேட்க வேண்டும்.

வழி மூன்று படிகளே.

முதலாவது: "நூற்றுக்கு" என்றோ பின்னமாகவோ வரும் இடத்தில் கோடிட்டு, "எதில்?" என்று கேட்க வேண்டும். தள்ளுபடி அசல் விலையில்தான். ஆகவே 48 என்பது அசலில் நூற்றுக்கு 80.

இரண்டாவது: முழுமைக்கு ஒரு பட்டை வரைய வேண்டும். 1980களில் சிங்கப்பூர்ப் பாடநூல்களில் புகுந்த முறை இது. பட்டையை ஐந்தாகப் பிரித்தால், நான்கு பங்கு 48, ஒரு பங்கு 12, ஐந்தும் 60.

மூன்றாவது: விடையைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். 60இல் 12 போனால் 48, சரி. 57.60இல் 11.52 போனால் 46.08, பிழை வெளிப்பட்டுவிடும்.

இன்னொரு கணக்கு: ஒருவன் தன் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் புத்தகம் வாங்கினான். மீதியில் கால் பங்குக்கு உணவு வாங்கினான். கையில் 24 வெள்ளி. முதலில் இருந்தது எவ்வளவு? கால் பங்கு எதில்? மீதியில். ஆகவே மீதியில் முக்கால் 24. மீதி முழுதும் 32. அது மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு பங்கு 16. மொத்தம் 48 வெள்ளி.

பெற்றோர்களே! நமக்கு வாய்த்தது மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே. "எமக்கென்ன தெரியும்" என்று பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கிவிடுகிறோம். கடைச் சீட்டைவிட நல்ல பாடநூல் வேறென்ன வேண்டும்? 2024 முதல் பொருள் சேவை வரி நூற்றுக்கு 9. வரியோடு சேர்த்து 65 வெள்ளி 40 காசு என்றால், வரிக்கு முந்திய விலை என்னவென்று இன்றிரவு பிள்ளையைக் கேளுங்கள். 60 வெள்ளி என்றால் தட்டிக்கொடுங்கள். 59 வெள்ளி 51 காசு என்றால் கோபிக்க வேண்டாம். "எதில் நூற்றுக்கு, கண்ணே?" என்று மட்டும் கேளுங்கள். நமக்கு 40 வெள்ளி கொடுத்துக் கிடைத்த பாடம், பிள்ளைக்கு இலவசமாகக் கிடைக்கட்டும்.