கறுப்புச் சாக்லேட்டின் ருசியும் கோக்கோ விதைப் பக்குவமும்

கேக், புட்டிங் முதலிய பண்டங்களில் சேர்க்கும் கறுப்புச் சாக்லேட் மிகத் துவர்ப்பாகவோ, புகை நாற்றமுடையதாகவோ இருப்பின், சமைத்தவரைக் குறை கூறுவது வழக்கம். அக்குறை பெரும்பாலும் தோட்டக்காரரின் களத்தில் உண்டாவதாகும். பால் சாக்லேட்டில் பாலும் சர்க்கரையும் அதனை ஒருவாறு மறைத்துவிடும். பால் சேராத கறுப்புச் சாக்லேட்டில் மறைக்க இடமில்லை. ஆதலின் தென்னந்தோப்பில் கோக்கோவை ஊடுபயிராக வளர்க்கும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதி விவசாயிகள் பின்வருவனவற்றை ஊன்றிக் கவனித்தல் நலம்.

அறுவடை: இந்தியாவில் 1798-ல் குற்றாலத்தில் முதன்முதலாக நடப்பட்ட பயிர் இது. பச்சைக் காய் மஞ்சளாகவும், செங்காய் ஆரஞ்சு நிறமாகவும் மாறிய பின்னரே, காம்பைக் கத்தியால் அறுத்துப் பறிக்க வேண்டும். திருகிப் பிய்த்தால், மீண்டும் பூக்க வேண்டிய இடம் சேதமாகும். பழுக்காத காய்களையும் முளைவிட்ட விதைகளையும் நீக்கிவிட வேண்டும்.

புளிக்க வைத்தல்: விதைகளைச் சதையுடன், அடியில் துளையுள்ள மரப்பெட்டியில் இட்டு வாழையிலையால் மூடி வைக்க வேண்டும். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் கிளறிவிட்டு, ஆறு நாட்கள் வைத்திருத்தல் போதுமானது. சதையின் சர்க்கரை சாராயமாகவும் பின்னர்க் காடியாகவும் மாறும்போது, உஷ்ணம் 45 முதல் 50 டிகிரி சென்டிகிரேட் வரை ஏறும். இதனால் முளை மடிந்து, துவர்ப்பு தணிந்து, வறுக்கும்போது வாசனை தோன்றுவதற்கான சத்துக்கள் உண்டாகின்றன. வறுப்பவரோ சமைப்பவரோ இதனைப் பின்னர் உண்டாக்க இயலாது.

உலர்த்தல்: ஈரம் 6 முதல் 7 சதவிகிதமாகும் வரை வெயிலில் பரப்பிக் காயவைக்க வேண்டும். அடுப்புப் புகை படலாகாது. சில விதைகளைப் பிளந்து பார்த்தால் பக்குவம் விளங்கும்: உட்புறம் பழுப்பு நிறமாயின் நன்று, ஊதா நிறமாயின் புளிப்பு போதவில்லை.

சமையலில் கவனிக்க வேண்டியவை: கோக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகுவது. ஆகவே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போன்ற சமவெளி ஊர்களில் சித்திரை, வைகாசி வெயிலுக்குச் சாக்லேட் தானே இளகி, மீண்டும் இறுகும்போது மேலே வெண்படலம் பூக்கும். இது பூஞ்சணம் அன்று, சமையலுக்கு உதவும். சாக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில் உருக்க வேண்டும். ஒரு துளி நீர் விழுந்தாலும் திரிந்து கட்டியாகும். கோக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்புச் சேர்ந்த 'காம்பவுண்ட்' கட்டியும் கடைகளில் விற்கப்படுவதால், உறையைப் படித்து வாங்குதல் அவசியம்.

1980களில் விலை வீழ்ந்தபோது கேரளத்தில் பலர் கோக்கோ மரங்களை வெட்டியெறிந்தனர். 2024-ல் உலகச் சந்தையில் டன்னுக்கு 10,000 டாலருக்கு மேல் ஏறிய விலை, 2025-ல் மீண்டும் இறங்கியது. விலை விவசாயியின் கையில் இல்லை. அந்த ஆறு நாள் பக்குவமோ அவர் கையிலேயே உள்ளது.