அம்மாவின் ஆயிரமும் பிள்ளையின் இரண்டாயிரமும்

“டீச்சர், அந்த ஆயிரத்த வாங்குனா பிள்ள ரூவாய நிப்பாட்டிருவாவளாம்லா?”

முக்கூடலில் கேட்டார்கள். மேலப்பாளையத்தில் கேட்டார்கள். போன வாரம் சேரன்மகாதேவி பஸ்ஸில், பக்கத்து சீட்டு அம்மாவும் கேட்டார். அவர் வீட்டில், மடியில் பீடித்தட்டு, பக்கத்துப் பாயில் தானாக எழுந்து உட்கார முடியாத பத்தொன்பது வயது மகன். இருபது வருஷமாகச் சிறப்புக் கல்வி ஆசிரியையாக இந்த ஆற்றங்கரை ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். இத்தனை வீட்டுச் சோற்றில் மண் போட்ட வதந்தி வேறொன்று இல்லை.

நம்பிக்கை: மகளிர் உரிமைத்தொகை வாங்கினால், மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் பராமரிப்புத் தொகை நின்றுவிடும்.

உண்மை: நிற்காது. கலைஞர் மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதற்கு முன்பே, ஜூலையில் வந்த விதிமுறையிலேயே இதற்குத் தனியாக ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிக்கான பராமரிப்புத் தொகை வாங்குபவர் வீட்டில் இருந்தாலும், மற்ற தகுதிகள் சரியாக இருந்தால் அந்த வீட்டுப் பெண் விண்ணப்பிக்கலாம். மற்ற தகுதிகள் என்றால்? ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், கரண்ட் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள். பீடி சுற்றும் வீட்டில் இதில் எது இடிக்கும்?

வதந்தி எங்கிருந்து முளைத்தது என்பதும் எனக்குத் தெரியும். வருவாய்த்துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்புத் தொகையையும் ஒரே ஆள் சேர்த்து வாங்க முடியாது. அது சரியான விதி. ஒரே ஆளுக்குப் போட்ட விதியை ஒரே வீட்டுக்கு என்று யாரோ மாற்றிச் சொன்னார். டீக்கடை அதைச் சட்டமாக்கிவிட்டது. பிள்ளையின் பணம் பிள்ளையின் ஊனத்துக்கு. அம்மாவின் பணம், சம்பளமே இல்லாமல் அவர் ராப்பகலாகப் பார்க்கும் வேலைக்கு. இது ரெண்டும் எப்படி ஒன்றாகும்?

“யார் சொன்னா?” என்று கேட்டால் “எல்லாரும் சொல்லுதாவ” என்பார்கள். அந்த எல்லாரில் ஒருவராவது ஒரு காகிதத்தைக் காட்டட்டும். பயந்துபோய் விண்ணப்பிக்காமல் விட்ட அம்மாவுக்கு வருஷத்துக்கு 12,000 ரூபாய் போகிறது. சொன்னவர் ஒரு பைசா ஈடு கட்டமாட்டார்.

நம்பிக்கை: கூலிக்கு ஆள் வைத்தால்தான் ‘கவனிப்பாளர்’. பெற்றவளுக்கு அந்தப் பெயர் கிடையாது.

உண்மை: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கவனிப்பாளர் என்பதற்குச் சொல்லும் பொருளிலேயே பெற்றோரும் குடும்பத்தாரும் உண்டு; சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். மிகுந்த உதவி தேவைப்படுவோருக்குக் கவனிப்பாளர் படி தருவது பற்றியும் அதே சட்டம் பேசுகிறது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்டவர்களுக்குப் பராமரிப்புத் தொகை போக மாதம் 1,000 ரூபாய் உதவியாளர் தொகையும் உண்டு. கேட்காதவருக்கு வராது.

நம்பிக்கை: ஊன அட்டை எடுத்தாச்சு, பணம் தானாக வரும்.

உண்மை: வராது. அட்டை வேறு, பராமரிப்புத் தொகை வேறு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, குணமான தொழுநோய் ஆகியவற்றுக்கு 40 சதவீதம் போதும். கடும் ஊனம் என்றால் 75 சதவீதம். 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய்.

நம்பிக்கை: படுத்த படுக்கையான மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கும் அரசு பணம் தரும்.

உண்மை: வயோதிகரைப் பார்ப்பவருக்கென்று தனித்தொகை எதுவும் இல்லை. இந்த ஆசையைக் காட்டிப் படிவம் விற்பவரிடம் ஏமாறாதீர்கள். தகுதி இருந்தால் மாமியாருக்கு முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய் உண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிக்காரர் வீட்டுக்கே வருவார். ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ வைத்துப் போகும் காசு மிச்சம்.

நம்பிக்கை: ஆஸ்பத்திரி பில் இருந்தால்தான் வருமான வரியில் கழிவு.

உண்மை: ஊனமுற்ற உறவினரைப் பராமரிப்பவருக்கு 80டிடி பிரிவில் 75,000 ரூபாய், ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் கழிவு. செலவு எவ்வளவு ஆனாலும் தொகை அதேதான். ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டும்.

கடைசியாக ஒன்று. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், அலுத்துக்கொண்டாலும் சரி.

நம்பிக்கை: பெற்ற தாய் இருக்கும்போது பாதுகாவலர் சான்று எதற்கு?

உண்மை: பதினெட்டு முடிந்ததும் சட்டத்தின் கண்ணில் உங்கள் மகன் வயதுவந்தவன், நீங்கள் தாய், அவ்வளவுதான். மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப் பாதுகாவலரை நியமிக்கிறது. இதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். சேர்வதற்கு முன் எந்தப் பரிசோதனையும் கேட்பதில்லை. “எனக்கப்புறம் யாரு?” என்று என் கையைப் பிடித்து அழாத தாய் இல்லை. ஆனால் பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்த வீடுகளில் இந்தச் சான்றை எடுத்து வைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அழுகைக்கு ஆபீஸில் சீல் குத்தமாட்டார்கள் தாயே, மனுவுக்குத்தான் குத்துவார்கள்.

கலெக்டர் ஆபீஸ் மனுநாள் திங்கள்கிழமை. நெல்லைக்காரர்களுக்குக் கொக்கிரகுளம். ஆலங்குளம், கடையம் பக்கத்து ஆட்கள் பழைய நினைப்பில் இன்னும் இங்கேயே வருகிறீர்கள். உங்கள் மாவட்டம் 2019-லேயே பிரிந்தாயிற்று, தென்காசிக்குப் போங்கள்.