சத்தம் எங்கே போச்சு?

வீட்டுக் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றிய அன்று ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. ஞாயிறு தேவார வகுப்புக்கான ஒலிப்பதிவுகள் எல்லாம் அதில்தான். "ஸ்பீக்கர் போச்சு, புதுசு வாங்கிடலாம்" என்றார் அப்பா.

அதைக் கழற்றிப் பழைய கைப்பேசியில் செருகினேன். நன்றாகவே பாடியது. அப்போ கோளாறு கணினிப் பக்கம்தான். டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். ஒலிக்கருவியின் பெயரருகே மஞ்சள் முக்கோணம் இருந்தால் பெரும்பாலும் டிரைவர் சிக்கல். கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து சரியான டிரைவரை இறக்கிப் போட வேண்டும். எனக்கு முக்கோணம் இல்லை.

பிறகு கடிகாரத்துக்குப் பக்கத்திலுள்ள ஒலிச் சின்னத்தை அழுத்தி, சத்தம் எந்தக் கருவிக்குப் போகிறது என்று பார்த்தேன். மானிட்டருக்கு! அதில் ஸ்பீக்கரே கிடையாது. அன்றே நான்தான் மானிட்டருக்குப் புது எச்டிஎம்ஐ கம்பி மாட்டியிருந்தேன். ஒலியும் அந்த வழியே போய்விட்டது. ஒரே நாளில் இரண்டை மாற்றிவிட்டு, பழியை மட்டும் விண்டோஸ் மேல் போட்டிருக்கிறேன்.

பட்டியலில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தேன். பதிகம் கேட்டது. அப்பா அதற்குள் மோட்டார் சாவியை எடுத்துவிட்டிருந்தார்.