கார் சீட்டுக்குத் தீக்குச்சி வேண்டாம்

"ஒரு குச்சி உரசிப் பாருங்க அண்ணாச்சி, முடி கருகுன வாடை வந்தா ஒரிஜினல் தோல்." தீக்குச்சி செய்யும் ஊரில் இதைவிடச் சுலபமான சோதனை ஏது?

தோல் புரதம் என்பதால் அந்த வாடை வரும், பி.வி.சி. எரிந்தால் வராது. அதுவரை சரி. ஆனால் தோல் கழிவை அரைத்துப் பசை போட்டுத் தகடாக்கிய 'பாண்டட் லெதர்' கருகினாலும் முடி வாடைதான் அடிக்கும். விருதுநகர் வெயிலில் நின்று நின்று செதில் செதிலாக உரிவதும் அதுதான். வெட்டிய ஓரத்தையும் பின்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். முழுத் தோலில் நார் பஞ்சுபஞ்சாக இருக்கும். பின்னல் துணி தெரிந்தால், கடைக்காரர் என்ன பெயர் சொன்னாலும் அது பெரும்பாலும் ரெக்சின் வகை. ரெக்சின் மட்டம் என்று நான் சொல்லவில்லை. தோல் விலை கொடுத்து அதை வாங்கக்கூடாது, அவ்வளவுதான். பிள்ளைகள் ஜூஸ் கொட்டும் வண்டிக்கு லெதரெட் என்கிற நல்ல செயற்கைத் தோலே போதும். டிரைவர் சீட்டில் மட்டும் காற்றுத் துளை போட்டதாகக் கேளுங்கள்.

தேங்காய் எண்ணெய் தேய்த்தால் தோல் நீடிக்கும் என்பது செருப்பிலிருந்து வந்த நம்பிக்கை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட பழைய தோல் எண்ணெயைக் குடிக்கும். கார் சீட் தோல் பெரும்பாலும் குரோமியத்தில் பதனிட்டு, மேலே பாலியூரித்தேன் பூச்சு ஏற்றியது. அதில் எண்ணெய் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று கரிசல் தூசியைப் பிடித்து வைக்கும். மணலும் எண்ணெயும் சேர்ந்தால் உட்கார்ந்து எழும்போதெல்லாம் பூச்சு தேயும். ஈரத்துணியும் லேசான சோப்பும் போதும்.

அச்சுப் பிரஸ்காரர்கள் வீட்டு வண்டியில் மை பட்டால் கை தன்னால் தின்னரைத் தேடும். தின்னர் மையோடு பூச்சையும் கரைத்துவிடும். அப்புறம் அந்த இடம்தான் முதலில் வெடிக்கும்.

தடிமனான தோல்தான் உழைக்கும் என்பதும் பாதிதான் சரி. கார் சீட் தோல் 1 மில்லிமீட்டர் சொச்சம்தான். பூச்சு, தையல், அடியிலுள்ள ஃபோம், இந்த மூன்றும் சேர்ந்துதான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

குஷன் கடையில் பேரம் பேசுமுன் சீட்டின் பக்கவாட்டில் 'ஏர்பேக்' என்ற சிறு பட்டை தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், விபத்தில் அந்தப் பை சீட்டின் பக்கத்தைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரவேண்டும். அதற்கென்றே கம்பெனியில் அந்த ஓரத்தை எளிதில் பிரியும்படி தைப்பார்கள். அதன்மேல் இரட்டைத் தையல் போட்ட கெட்டியான கவரை இழுத்து மாட்டினால் பை விரிய வழியிருக்காது.