நிறைமாதப் பிள்ளைக்கும் மூச்சுத் திணறலா?



போன மாதக் கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் சொல்லி அழுதார். நிறைமாதத்தில் பிறந்த அவரது இரண்டு பிள்ளைகளும் சில வாரங்களிலேயே மூச்சுத் திணறி இறந்துவிட்டன. "என் ராசிதான் காரணம்னு மாமியார் சொல்றாங்க" என்றார்.

ராசி இல்லை சகோதரி. நம் நுரையீரலில் சின்னச் சின்னக் காற்றுப் பைகள் இருக்கின்றன. ஈரமான பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டால் பிரிக்க என்ன பாடுபடுகிறோம்! காற்றுப் பைகள் அப்படி ஒட்டாமலிருக்க உள்ளே மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. அதற்கு 'சர்ஃபாக்டன்ட்' என்று பெயர். குறைமாதக் குழந்தைக்கு அது போதாது. குழாய் வழியே மருந்தாக விட்டால் பெரும்பாலும் தேறிவிடும். நிறைமாதக் குழந்தை மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்பத் திணறினால், பூச்சைத் தயாரிக்கும் மரபணுவில் பிழை இருக்கலாம். ஏ.பி.சி.ஏ.3 என்ற மரபணுவின் பிழை இப்படிப் பச்சைக் குழந்தைகளின் உயிரை வாங்குவது 2004-இல்தான் தெரியவந்தது.

இதில் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிழைகள் சேர்ந்தால்தான் நோய். ஒன்று மட்டும் உள்ள பெற்றோருக்கு ஒரு குறையும் தெரியாது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு நாலில் ஒன்று. 'ஒண்ணுக்கு வந்துடுச்சு, இனி மூணுக்கு வராது' என்பது தப்புக் கணக்கு. மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டியவர்களுக்கு ஒரே தாத்தா பாட்டியின் பிழை இரு பக்கமும் இறங்கியிருக்கக் கூடும்.

பரிசோதனைக்குக் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் போதும். முடிவு வர வாரக்கணக்கில் ஆகலாம். அதற்குள் பிள்ளை தங்காமலும் போகலாம். அந்த நேரத்தில் கேட்க மனசு வராதுதான். ஆனாலும், "மரபணு சோதனைக்கு ரத்தம் எடுத்து வைங்க" என்று டாக்டரிடம் கூட இருப்பவர்களாவது கேட்டுவிடுங்கள். பிழை இன்னதென்று தெரிந்தால், அடுத்த கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம். மரபணு நோய்க்காக இப்படிப் பார்ப்பதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. ஆணா பெண்ணா என்று கேட்பதுதான் குற்றம்.

செலவு உண்டு. குழுவில் கடன் கேட்கும் முன் எந்தச் சோதனை தேவை என்று மரபணு ஆலோசகரிடம் கேளுங்கள். தெளிவில்லாத முடிவும் வரலாம், அதையும் அவரே விளக்குவார்.

நம் உறுப்பினரின் பிள்ளைகளுக்கு யாரும் ரத்தம் எடுத்து வைக்கவில்லை. இனி கணவன், மனைவி இருவர் ரத்தத்தையும்தான் பார்க்க வேண்டும். "எனக்கென்ன குறை?" என்கிறார் கணவர். வெள்ளிக்கிழமை அவரையும் மாமியாரையும் பார்க்கப் போகிறோம்.