பம்பு மோட்டார்களும் டிரான்ஸ்பார்மரும்

1932-ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை தொடங்கிய பின்னர், கோயமுத்தூர்ச் சீமையின் ஆழ்கிணறுகளில் கவலை இறைப்புக்குப் பதிலாக மின்சாரப் பம்புகள் வரலாயின. மாட்டுக்கு நோவு கண்டால் ஒரு கிணற்றின் இறைப்பே நிற்கும். டிரான்ஸ்பார்மர் எரிந்தாலோ இருபது கிணறுகளின் இறைப்பு ஒருசேர நின்றுவிடும். நெல் பூக்கும் தருணத்தில் ஒரு வாரம் தண்ணீர் தவறினால் நேரும் நஷ்டத்தைக் குடியானவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

டிரான்ஸ்பார்மர் எரிவதற்கு மின்னலும் எண்ணெய்க் குறைவும் காரணமாவதுண்டு. அதிகப் பளுவும் ஒரு முக்கிய காரணமாகும். இப்பளுவில் ஒரு பகுதி தவிர்க்கத்தக்கது என்பதைப் பலர் அறியார். மோட்டாரானது, நீரிறைக்கும் வேலைக்கு வேண்டிய மின்சாரத்தோடு, தன்னுள் காந்தசக்தியை உண்டாக்கிக் கொள்வதற்காகவும் மின்னோட்டத்தை இழுக்கிறது. பின்னது நீரை இறைப்பதில்லை. லயனில் போவதும் வருவதுமாயிருந்து, கம்பியையும் டிரான்ஸ்பார்மரையும் சூடாக்குகிறது. மின்தேக்கி எனப்படும் கெபாசிட்டரை மோட்டாரண்டை வைத்தால், இத்தேவையில் பெரும்பங்கு அங்கேயே நிறைவேறிவிடும்.

5 குதிரைத்திறனுள்ள 20 மோட்டார்கள் ஒரு டிரான்ஸ்பார்மரின்கீழ் ஓடுவதாகக் கொள்வோம். மோட்டாரின் திறமை நூற்றுக்கு 80, பவர் பாக்டர் 0.75 எனில், டிரான்ஸ்பார்மர் தாங்கவேண்டிய பளு சுமார் 124 கே.வி.ஏ. ஆகும். ஒவ்வொன்றுக்கும் 2 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர் பொருத்தினால் அது 102-க்கு இறங்கும். கம்பிகளில் உண்டாகும் சூடு ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறையும். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசமாதலால், இதனால் கட்டணம் குறையுமென்று ஆசைகாட்ட வழியில்லை. ஒருவர் மட்டும் பொருத்தினால் பலன் கண்ணுக்குத் தெரியாது. யாவரும் பொருத்தினாலன்றி லயனின் கடைசிக் கிணற்றில் வோல்டேஜ் உயராது. ஆகையால் கிராம அதிகாரிகள் ஒரு டிரான்ஸ்பார்மரின் பாத்தியதாரர்கள் அனைவரையும் ஒன்றாய் அழைத்துப் பேசுதல் நலம்.

கெபாசிட்டர் மோட்டாருடன் சேர்ந்தே துண்டிக்கப்படுமாறு, உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு இணைக்கவேண்டும். அளவுக்கு மிஞ்சியதும் கேடே. மோட்டாரை நிறுத்திய பின்னரும் அதில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்குமாதலால் உடனே தொடலாகாது.

மற்றொரு தொல்லை, ஆட்டோ ஸ்டார்ட்டர். மின்சாரம் திரும்பியதும் எல்லா மோட்டார்களும் ஒரே கணத்தில் கிளம்புகின்றன. நேரடியாகக் கிளம்பும் மோட்டார் சாதாரண அளவைப் போல் ஆறு மடங்கு வரை மின்னோட்டத்தை இழுக்கக்கூடும். அதனால் வோல்டேஜ் வீழ்கிறது. வோல்டேஜ் நூற்றுக்கு 80 ஆனால் மோட்டாரின் முறுக்கு விசை 64 தான். சில மோட்டார்கள் சுழல மாட்டாமல் உறுமி, சுருள் கருகிப்போகின்றன. ஸ்டார்ட்டரிலுள்ள தாமத நேரத்தைக் கிணற்றுக்குக் கிணறு அரை நிமிஷம் மாற்றி வைத்தால், பத்து நிமிஷத்துக்குள் இருபதும் ஓடிவிடும். கடைசி முறை யாருக்கு என்பதில் மனஸ்தாபம் எழுவது சகஜம். வாய்க்கால் முறைபோல் மாதந்தோறும் வரிசையைச் சுழற்றிக் கொள்ளலாம்.

ப்யூஸ் அடிக்கடி போகிறதென்று பருமனான கம்பியைச் சுற்றுவது, டிரான்ஸ்பார்மரையே ப்யூஸாக்குவதாகும். கம்பத்தில் தாமே ஏறிப் பழுது பார்ப்பதோ உயிருக்கு அபாயம். அவ்வேலையை மின்வாரிய ஊழியருக்கே விடவேண்டும்.