புங்கம் விதையில் டீசல்: காயவைப்பதில் இருக்கிறது காரியம்

புங்க எண்ணெயை அப்படியே பம்புசெட் என்ஜினில் ஊற்றி ஓட்டலாமா என்று உழவர்கள் பலர் கேட்கின்றனர். ஓடும், ஆனால் நெடுநாள் ஓடாது. 1900-ம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் டீசல் என்ஜின் ஒன்றை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது உண்மையே. எனினும் தாவர எண்ணெய் டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு கெட்டியானது. நாசிலில் கரி படியும்; மசகு எண்ணெய் கெடும். என்ஜினைப் பிரித்து மாட்டும் செலவு, மிச்சம் பிடித்த காசை விழுங்கிவிடும்.

இக்கெட்டித்தன்மையைப் போக்குவதே பயோடீசல் தயாரிப்பு. 100 கிலோ எண்ணெயுடன் சுமார் 20 கிலோ மெத்தனாலும், 1 கிலோ அளவில் காஸ்டிக் பொட்டாஷும் சேர்த்து, 60 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் ஒரு மணி நேரம் கலக்குவர். பிறகு அசையாமல் வைத்தால் கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்கும் பயோடீசலை வெந்நீரில் கழுவி, ஈரம் போக்க வேண்டும். மெத்தனால் கொடிய விஷம், எளிதில் தீப்பற்றும். வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. அது ஆலையின் வேலை. நம் வேலை விதை.

விதையில் ஈரமும் பூசணமும் இருந்தால் எண்ணெய் சிதைந்து அமிலம் பெருகும். அமிலம் 1 அல்லது 2 சதத்தைத் தாண்டினால் பொட்டாஷ் அதனுடன் சேர்ந்து சோப்பாகிவிடும். கிளிசரின் சரியாகப் பிரியாது. ஆலைக்காரர் முதலில் கந்தக அமிலம் கொண்டு பக்குவம் செய்ய நேரும். அந்தச் செலவை யார் தலையில் கட்டுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே மழையில் நனைந்து கிடந்த காய்களை நல்ல காய்களுடன் கலக்காதீர்கள். முற்றிப் பழுப்பு நிறமான காய்களைப் பறித்து, களத்தில் உலர்த்தி, தடியால் அடித்து விதை எடுத்துத் தூற்றவும். விதையை மறுபடியும் நன்கு காயவிட வேண்டும். உடைத்தால் வளையாமல் படக்கென்று முறிவதே பதம். சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகைமேல் அடுக்கி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வியர்த்துவிடும்.

அமிலம் மிகுந்த எண்ணெயையும் ஏற்கும் புதிய முறைகள் உள்ளன. லைப்பேஸ் என்னும் நொதியைப் பயன்படுத்துவது ஒன்று. எண்ணெயை மிகுந்த அழுத்தத்தில் ஹைட்ரஜனுடன் சேர்த்து, பெட்ரோலிய டீசலையே ஒத்த எரிபொருளாக்குவது மற்றொன்று. பின்லாந்தில் 2007-ல் இதற்குப் பெரிய ஆலை இயங்கத் தொடங்கியது. இரண்டாவது முறை சிற்றாலைகளுக்கு எட்டாதது.

காட்டாமணக்கை நினைத்துப் பலர் தயங்குவது நியாயமே. 2003-ல் திட்டக்குழுவின் குழு ஒன்று அதை முன்வைத்தபோது, நானும் மேடையேறிப் பேசியவன். 2006 ஜனவரி முதல் பயோடீசல் கொள்முதல் விலை லிட்டர் 25 ரூபாயாக இருந்தது. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய 4 கிலோ விதை வேண்டும். ஆலைச் செலவு போக, விதை கிலோவுக்கு 5 ரூபாய் கிடைப்பதே அரிதாக இருந்தது. காய்கள் ஒரே சமயத்தில் பழுக்காததால் பறிகூலியே அதைத் தின்றுவிட்டது. இந்தக் கணக்கை நாங்கள் முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

ஆகவே புங்கத்துக்காகப் பயிர் நிலத்தை ஒதுக்காதீர்கள். வரப்பு, வாய்க்கால் கரை, தரிசு போதும். காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை தழையை நெல் வயலுக்கு மிதிக்கலாம். விதை விற்கும்போது பிண்ணாக்கில் ஒரு பங்கைத் திருப்பிக் கேளுங்கள். சுமார் 4 சதம் தழைச்சத்துள்ள அது நல்ல அடியுரம். மாட்டுக்கு மட்டும் வைக்க வேண்டாம்.